மூடி போட்ட குளம்: வெயிலைப் பிடித்து வைக்கப் பார்த்தவர்களின் கதை

இன்றைய எபிசோட் ஒரு வாட்ஸ்அப் சண்டையில் ஆரம்பிக்கிறது.

நான் பெங்களூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறேன். அங்கே ஒரு நீச்சல் குளம் உண்டு. நாள் முழுக்க வெயில் படுகிற குளம்தான். ஆனாலும் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஒருத்தரும் இறங்க மாட்டார்கள். தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருக்கும். போன டிசம்பரில் குரூப்பில் ஒருவர் கேட்டார்: "ஹீட் பம்ப் போடலாமா?" விலையைப் பார்த்ததும் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். முழங்கால் வலிக்காகத் தண்ணீருக்குள் நடக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிய நாலைந்து பெரியவர்கள் வேண்டும் என்றார்கள். அதில் ஒருவர், விருத்தாசலத்திலிருந்து வந்து என்னோடு தங்கியிருக்கும் என் அம்மா.

சண்டை சூடானபோது இன்னொருவர் எழுதினார்: "ரெண்டு வருஷம் முன்னாடி சோலார் கவர்னு ஒண்ணு வாங்கினோமே, அது என்னாச்சு?"

போய்ப் பார்த்தேன். பம்ப் ரூம் மூலையில், நீல நிறத்தில், குமிழ் குமிழாக ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. சுருட்டி வைத்தது அப்படியே தூசி படிந்து கிடந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளை ஏன் ஒருநாள் கூட விரிக்கவில்லை? இந்தக் கேள்வியை இப்படியே ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வருகிறேன்.

ஈரச் சாக்கு

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பழமலைநாதர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும். எங்களுக்கு அது செராமிக் ஊர். பக்கத்தில் நெய்வேலி. அங்கே நிலக்கரி எடுக்க மேல் மண்ணைத் தோண்டினால் வெள்ளைக் களிமண்ணும் கூடவே வருகிறது. அந்த மண்ணை நம்பி வளர்ந்ததுதான் விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டை. அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்லூரியும் இங்கே இருக்கிறது. பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃப்யூஸ் கட்டை என்று சின்னச் சின்ன ஷெட்களில் செய்வார்கள்.

சொந்தக்காரர் ஒருவரின் ஷெட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம். அச்சிலிருந்து எடுத்த பச்சை பொம்மைகள் பலகையில் வரிசையாக நின்றன. ஒரு அக்கா அவற்றின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஓரத்தில் ஈரச் சாக்கைச் செருகிக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா, காயட்டும்னுதானே வெச்சிருக்கீங்க? அப்புறம் ஏன் மூடுறீங்க?" என்று கேட்டேன்.

"காயணும் தம்பி, அவசரமா காயக் கூடாது. மேல்பக்கம் முதல்ல காஞ்சி, உள்ள ஈரமா இருந்தா விரிசல் உட்டுடும். ராத்திரி காத்து வேற அடிக்கும். தெனம் மூடிட்டுத்தான் போவேன்."

அவர் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தது ஆவியாதலை. என் பெங்களூர் குளத்தின் பிரச்சினையும் அதுதான் என்று அந்த இடத்தில் நின்றபோதுதான் உறைத்தது.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: மண்பானை. மெருகு பூசாத பானையில் நுண்துளைகள் இருக்கும். தண்ணீர் கசிந்து வெளிப்பக்கம் வந்து ஆவியாகும். ஆவியாக வெப்பம் வேண்டும் அல்லவா? அதைப் பானையிடமிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் மே மாத வெயிலிலும் பானைத் தண்ணீர் ஜில். அதே பானைக்கு மெருகு பூசிச் சுட்டுவிட்டால் துளைகள் அடைபடும், குளிர்ச்சி போய்விடும். ஊறுகாய் ஜாடியில் தண்ணீர் வைத்தால் குளிராது.

திறந்த நீச்சல் குளம் என்பது மேற்பரப்பு முழுக்கக் கசிகிற ஒரு ராட்சத மண்பானை.

கணக்கு போட்டுப் பார்த்தேன். எங்கள் குளம் 15 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிறது என்று வையுங்கள். கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் 105 சதுர மீட்டருக்கு அது 420 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பம் தேவை. ஆக ஒரு நாளில் 280 யூனிட்! குளத்தில் இருக்கும் மொத்தத் தண்ணீரையும் கிட்டத்தட்ட 2 டிகிரி குளிர வைக்க இது போதும். மறுபக்கம், வெயில் அந்தக் குளத்தின் மேல் கொட்டுவது நாளைக்குச் சுமார் 500 யூனிட். அதாவது சூரியன் தாராளமாகத் தருகிறது, நாம்தான் பாதிக்கு மேல் காற்றில் விடுகிறோம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. திறந்தவெளிக் குளம் இழக்கும் வெப்பத்தில் 70 சதவீதம் ஆவியாதல் வழியாகத்தான் போகிறது என்று அமெரிக்க எரிசக்தித் துறை மக்களுக்கான தன் குறிப்புகளில் சொல்கிறது. கவரைப் பலரும் போர்வை மாதிரி நினைக்கிறார்கள். அது செய்யும் முக்கியமான வேலை வேறு. கொதிக்கிற சட்டிக்குத் தட்டு போட்டு மூடுகிறோமே, அந்த வேலை.

சரி, இப்போது வரலாற்றுக்குள் போவோம். குளத்துக்கு மூடி போட்டு வெயிலைப் பிடிக்கலாம் என்று மனிதர்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு ஏரி.

தண்ணீரையே மூடியாகப் போட்ட ஏரி

இன்றைய ருமேனியாவில், டிரான்சில்வேனியா பகுதியில் சோவாட்டா என்று ஒரு ஊர். அங்கே கரடி ஏரி என்று ஒரு உப்பு ஏரி. குளிர் நாடு, ஆனால் இந்த ஏரியில் கொஞ்சம் ஆழத்தில் கை விட்டால் சுடும். கோடை முடிவில், ஒன்றேகால் மீட்டர் ஆழத்தைத் தாண்டியதும் 70 டிகிரி வரை வெப்பம் இருந்தது. ஆனால் மேலே சாதாரணத் தண்ணீர், அடியிலும் அவ்வளவு சூடு இல்லை. நடுவில் மட்டும் இவ்வளவு சூடு எப்படி?

பூமிக்கு அடியில் வெந்நீர் ஊற்று இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கலெசின்ஸ்கி என்ற ஹங்கேரிய வேதியியலாளர் ஆராய்ந்து பார்த்து 1902-ல் எழுதினார்: ஊற்று எதுவும் இல்லை, எல்லாம் வெயில்தான்.

ஏரியின் கீழே இருப்பது அடர்த்தியான உப்புத் தண்ணீர். மேலே ஓடைகள் கொண்டுவந்து சேர்க்கும் நல்ல தண்ணீர். சாதாரணக் குளத்தில் சூடான தண்ணீர் லேசாகி மேலே வரும், மேலே வந்ததும் ஆவியாகிக் குளிரும். இந்த ஏரியில் கீழே இருக்கும் தண்ணீர் சூடானாலும் உப்பின் பாரத்தால் மேலே வர முடியாது. வெயில் உள்ளே இறங்குகிறது, வெப்பம் வெளியே வர வழி இல்லை. மேலே கிடக்கிற நல்ல தண்ணீர்தான் அந்த ஏரிக்கு மூடி!

ஆனால் அந்த மூடி மென்மையானது. நிறையப் பேர் இறங்கிக் கலக்கினால் அடுக்கு கலைந்துவிடும். அதனால் இன்றும் அந்த ஏரியில் மதிய நேரம் குளிப்பவர்களை வெளியேற்றி இடைவேளை விடுகிறார்கள், தண்ணீர் மறுபடி அடுக்காக நிற்பதற்கு. ஏரிக்கு லஞ்ச் பிரேக். சிரிப்பாக இருந்தாலும் இதைக் கவனியுங்கள்: இயற்கை தானாகப் போட்ட மூடிக்கே காவலுக்கு ஆள் வேண்டியிருக்கிறது.

தோற்றுப்போன வால்பேப்பர்

அடுத்த மூடி, என் பம்ப் ரூமில் கிடந்தது. அதன் கதை நம்ம கம்ப்யூட்டர் உலகத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது.

1957. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம். ஆல்ஃபிரெட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்று இரண்டு பேர். குளியலறைத் திரைகள் இரண்டைச் சேர்த்து ஒட்டினார்கள், நடுவில் காற்றுக் குமிழ்கள் மாட்டிக்கொண்டன. இதைச் சுவரில் ஒட்டும் அலங்கார வால்பேப்பராக விற்கலாம் என்பது அவர்கள் எண்ணம். யாரும் சீண்டவில்லை. செடி வளர்க்கும் கண்ணாடி வீடுகளுக்கு வெப்பக் காப்பாகப் பயன்படுத்தலாம் என்று பார்த்தார்கள். அதுவும் ஓடவில்லை.

1959-ல் ஐபிஎம் தன் 1401 கம்ப்யூட்டரை அறிவித்தது. அதை உடையாமல் ஊர் ஊராக அனுப்ப ஏதாவது வேண்டும். அப்போது கிடைத்ததுதான் இந்தக் குமிழ் தாள். ஆமாம், நாம் டப் டப் என்று உடைத்து விளையாடுகிற பபுள் ராப்பேதான். அதைச் செய்ய 1960-ல் அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் சீல்டு ஏர்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. எரிபொருள் விலை எகிறியதும், வீட்டுக் குளத்தை எரிவாயுவால் சூடாக்கிய அமெரிக்கர்களுக்குக் கை சுட்டது. அந்தப் பத்தாண்டில் சீல்டு ஏர் பெரிய குமிழ்கள் வைத்த நீச்சல் குள விரிப்புகளையும் விற்றது. கண்ணாடி வீட்டில் தோற்ற யோசனை குளத்தில் ஜெயித்தது.

வேலை செய்யும் விதம் எளிது. பாலிஎத்திலீன் தாள் வழியாக வெயிலின் பெரும்பகுதி தண்ணீருக்குள் இறங்கிவிடும். நீராவி வெளியே போகாது. குமிழுக்குள் இருக்கும் காற்று, வெப்பம் கடத்தப்படுவதைத் தாமதப்படுத்தும். குமிழ்ப் பக்கம் கீழே, தண்ணீரைத் தொட்டபடி இருக்க வேண்டும். எங்கள் குரூப்பில் இதற்கே ஒரு தனி விவாதம் நடந்தது. கறுப்பு நிறம்தானே வெயிலை அதிகம் இழுக்கும் என்று தோன்றும். கறுப்புக் கவர் தான் சூடாகி, அதில் ஒரு பகுதியைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். தண்ணீரைச் சூடாக்க ஒளி புகும் கவர்தான் நல்லது.

கட்ச் பாலைவனத்தில் ஒரு சூடான குளம்

இந்தியாவில் இதை யாராவது பெரிய அளவில் செய்தார்களா? செய்தார்கள். பிளாஸ்டிக் மூடியோடு இல்லை, கரடி ஏரியின் முறையில்.

உப்பால் வெயிலைப் பிடிக்கும் இந்த முறைக்கு ஆங்கிலத்தில் சோலார் பாண்ட் என்று பெயர். நாம் சூரியக் குளம் என்று சொல்லிக்கொள்வோம். 1950களின் கடைசியில் இஸ்ரேல் விஞ்ஞானிகள் இதைக் கையில் எடுத்தார்கள். 1984-ல் சாக்கடல் பக்கம் 5 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் அளவுக்குப் பெரிய குளத்தைக் கட்டினார்கள். அது 1988 வரைதான் ஓடியது.

1987-ல் இந்திய அரசின் தேசிய சூரியக் குளத் திட்டத்தின் கீழ் குஜராத்தின் புஜ் நகரம் தேர்வானது. தேர்ந்தெடுத்த காரணம் புரிகிறது: கட்ச் பகுதியில் வெயிலுக்கும் உப்புக்கும் பஞ்சமே இல்லை. அங்கே ஒரு பால் பண்ணை ஆலை இருந்தது. கேன் கழுவவும் கொதிகலனுக்கு அனுப்பவும் பால் ஆலைக்குத் தினமும் வெந்நீர் வேண்டும். டெரி என்ற எரிசக்தி ஆராய்ச்சி நிறுவனம், குஜராத் அரசின் எரிசக்தி முகமையோடும் பால்வள நிறுவனத்தோடும் சேர்ந்து குளத்தைக் கட்டியது.

100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் ஆழம். உள்ளே கரைத்தது 4,000 டன் உப்பு. அவ்வளவு உப்புத் தண்ணீர் நிலத்தில் கசிந்தால் பக்கத்து வயல் கிணறெல்லாம் காலி. வெளிநாட்டிலிருந்து விலை உயர்ந்த ரப்பர் விரிப்பு வாங்காமல், உள்ளூர்க் களிமண்ணையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் சேர்த்துக் குளத்தின் அடியை மூடினார்கள். களிமண்ணும் பிளாஸ்டிக்கும்! விருத்தாசலத்து அக்கா கையில் இருந்த அதே இரண்டு பொருள்கள்.

1991 மே மாதம், வெப்பத்தை வெளியே எடுக்காமல் விட்டிருந்தபோது, குளத்தின் அடித் தண்ணீர் 99.8 டிகிரியைத் தொட்டது. அடுப்பு இல்லை, கரி இல்லை. வெறும் வெயில். 1993 செப்டம்பர் முதல் 1995 ஏப்ரல் வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி லிட்டர் வெந்நீர், சராசரியாக 75 டிகிரி சூட்டில், பால் ஆலைக்குப் போனது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. அந்தக் குளத்தின் மேல் மிதக்கும் வலைகளைப் போட்டிருந்தார்கள். எதற்கு? காற்றுக்கு. கட்ச் காற்று அடித்தால் அலை எழும், அலை எழுந்தால் அடுக்கு கலையும், அடுக்கு கலைந்தால் மூடி போச்சு. சூரியனைப் பற்றி யோசித்த அதே அளவு காற்றைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள்.

இன்னொன்று, சூரியக் குளத்தைக் கட்டிவிட்டுப் போய்விட முடியாது. கீழே இருக்கும் உப்பு மெதுவாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மேல் பரப்பை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும், அடியில் உப்பு சேர்க்க வேண்டும், பாசி படர்ந்து வெயிலை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்ம மொழியில் சொன்னால் டெப்ளாய் பண்ணிவிட்டு மறந்துபோகிற சிஸ்டம் கிடையாது. ஆன்கால் ஆள் வேண்டும், தினமும். இன்று அந்தக் குளம் இயங்கவில்லை. ஆனால் அது வெறும் சோதனைக்கூடத்துப் பொம்மையாக இல்லாமல், ஒரு ஆலைக்கு வேலை செய்து காட்டியது.

நாம் சிரித்த மூடி

மூடி, குளம், காற்று என்று நான் பேச ஆரம்பித்ததுமே உங்களில் பாதிப் பேர் மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லியிருப்பீர்கள். தெர்மோகோல்.

2017 ஏப்ரல் 21. கடும் வறட்சி. வைகை அணையில் மிச்சம் இருக்கும் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க, அப்போதைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மோகோல் அட்டைகளை டேப் ஒட்டித் தண்ணீரில் மிதக்க விட்டார். கொஞ்ச நேரத்தில் காற்று அவற்றைக் கரைக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த மீம்களை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது நான் காலேஜ். ஹாஸ்டலில் உட்கார்ந்து நானும் ஃபார்வர்ட் பண்ணியிருக்கிறேன்.

இப்போது யோசித்தால், தப்பு யோசனையில் இல்லை. அங்கே காப்பாற்ற நினைத்தது வெப்பத்தை இல்லை, தண்ணீரை. ஆனால் தத்துவம் ஒன்றுதான்: மேற்பரப்பை மூடினால் ஆவியாதல் குறையும். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2015 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தன் நீர்த்தேக்கம் ஒன்றில் 9.6 கோடி கறுப்பு பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி முடித்தது. குடிநீரில் வெயில் பட்டு வேண்டாத ரசாயனம் உருவாவதைத் தடுப்பது முதல் நோக்கம், ஆவியாதலைக் குறைப்பது கூடுதல் லாபம். அந்தப் பந்துகளுக்குள் கொஞ்சம் தண்ணீர் அடைத்திருந்தார்கள். காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க, எடைக்கு.

புஜ்ஜில் வலை. லாஸ் ஏஞ்சலஸில் எடை. வைகையில் டேப். வித்தியாசம் அவ்வளவுதான். நாம் சிரிக்க வேண்டியது தெர்மோகோலைப் பார்த்து இல்லை. பத்துக்குப் பத்து அடியில் ஒரு துண்டை ஒரு வாரம் மிதக்கவிட்டுப் பார்க்காமல், நேராக அணையில் இறக்கினோமே, அந்த அவசரத்தைப் பார்த்து. டெஸ்ட் பண்ணாமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் போட்ட யாருக்கும் அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்க உரிமை இல்லை. நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பம்ப் ரூம் மர்மம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். எங்கள் கவர் ஏன் சுருட்டியபடியே கிடந்தது?

பொங்கல் முடிந்து திரும்பியதும், குளத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் கேட்டேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். இரண்டு வருடத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

"சார், அது 15 மீட்டர். தண்ணியில நனைஞ்சிட்டா ஒரே ஆளால இழுக்க முடியாது. சுத்தி எடுக்கிற ரோலர் வாங்கித் தரோம்னாங்க, வரல. காலையில அஞ்சரைக்கு நான் ஒருத்தன்தான். கவரை எடுக்கறதா, குளோரின் பாக்கறதா, தரையைக் கழுவறதா?"

அவ்வளவுதான் மர்மம். கவர் வாங்க மீட்டிங் போட்டோம், மூன்று கொட்டேஷன் வாங்கினோம், நிறத்துக்கு ஓட்டெடுப்பு கூட நடத்தினோம். தினமும் அதைப் போட்டு எடுப்பது யார், எந்த நேரத்தில், எந்தச் சம்பளத்தில் என்று ஒரு வரி கூடப் பேசவில்லை. ஈரச் சாக்கைச் செருகிய அக்காவும், கரடி ஏரியில் விசில் அடித்துக் கூட்டத்தை வெளியேற்றுகிறவரும், புஜ்ஜில் உப்பை அளந்து பார்த்தவரும் செய்த வேலை எங்கள் பட்ஜெட்டில் ஒரு வரியாகக் கூட இல்லை. சூரியன் இலவசம்தான். மூடுகிற கை இலவசம் இல்லை.

ஜனவரி கடைசி மீட்டிங்கில் இதைச் சொன்னேன். ஹீட் பம்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு, ரோலர் ஒன்றும், அந்த அண்ணனுக்கு ஒரு மணி நேரக் கூடுதல் சம்பளமும் முடிவானது. கூடவே ஒரு விதி: குளத்தில் ஆள் இறங்கும் நேரத்தில் கவர் முழுவதுமாக வெளியே இருக்க வேண்டும், பாதி விரித்து வைக்கக் கூடாது. கவருக்கு அடியில் ஒரு குழந்தை மாட்டிக்கொண்டால் மேலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. சென்னை நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் குளத்துக்கு இந்தக் கவர் வேண்டாம். அங்கே பிரச்சினையே தண்ணீர் சுடுவது. அப்போது குளம் மண்பானையாக இருப்பதுதான் நல்லது.

பிப்ரவரி இரண்டாவது வாரம் அம்மா குளத்தின் படியில் உட்கார்ந்து காலை நனைத்துப் பார்த்தார். வெந்நீர் என்று சொல்ல முடியாது. ஆனால் எலும்பைக் கடிக்கிற சில்லிப்பு போயிருந்தது. "பரவாயில்லடா, இறங்கலாம்" என்றார். ரோலர் பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்து, "நீங்க மூடினதாலதாம்ப்பா" என்றார். விருத்தாசலத்துக்காரர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் அபார்ட்மென்ட்டிலோ ஆபீஸிலோ இப்படி வாங்கி, விரிக்காமல் கிடக்கிற பொருள் ஏதாவது இருக்கிறதா? அதைத் தினமும் யார் கையாள வேண்டும், அவரிடம் யாராவது கேட்டார்களா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.